நாகபூசணியின் கூடாரம்

பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று நாகபூசணி வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தாள்.

கேள்வி ஒன்றுதான். காரை ஓட்டியபடியே அதைப் பதினைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பிக்கிற ஆட்களைக் கண்டால் இன்றைக்கும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கோசலை ரீச்சர் தன்னைவிடப் பத்து வயது இளையவள் என்பது ஒரு உதவியும் செய்யவில்லை.

கனடாவின் வடக்கே, தார் ரோட்டு முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் ரீச்சரின் வீடு. ஒவ்வொரு இலையுதிர்காலமும் மூன்று பேரைக் காட்டுக்குள் மான் வேட்டைக்குக் கூட்டிப்போவாள். பத்து நாள். அவரவர் கூடாரத்தையும் அடுப்பையும் அவரவரே தெரிந்தெடுக்க வேண்டும். கூடாரம் ரீச்சருக்குப் பிடிக்காவிட்டால் ஆள் வீட்டில்தான்.

நாகபூசணி வேலை செய்யும் மர ஆலைக் கன்ரீன் முழுக்கச் சொல்லியாயிற்று, தான் போகப்போவதாக. அதைக் கேட்டு அவள் புருசன் சபாநாதன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் நின்றது.

ரீச்சர் முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தாள்.

"ரீச்சர், கடையில மூண்டு விதமான கூடாரம் கிடக்குது. ஒண்டு பாரமில்லாத நைலோன். ஒண்டு தடிச்ச கித்தான். மற்றது ரெண்டு மடிப்புத் துணி. அடுப்பு வைக்க எது நல்லது?"

பிழையில்லாமல் சொல்லிவிட்டாள். அதன் பிறகுதான் மூச்சே வந்தது.

ரீச்சர் கோடரியைக் கட்டையில் கொத்தி நிறுத்தினாள்.

"அக்கா, நீங்கள் எதுக்குப் பயம்?"

"குளிருக்கு."

"வேற?"

"கரடிக்கு."

"வேற?"

"ஓநாய்க்கு. வழி தவறிப் போறதுக்கு. துவக்குத் தன்பாட்டில வெடிச்சிடும் எண்டு. பனியில வழுக்கி இடுப்பு முறிஞ்சிடும் எண்டு."

"வேற?"

நாகபூசணி யோசித்தாள். "அவ்வளவுதான்."

"பயம் காணாது," என்றாள் ரீச்சர். "இன்னும் வேணும்."

நாகபூசணிக்குக் கோபம் வந்துவிட்டது. 'உனக்குப் பயம் கூடிப்போச்சு' என்றுதான் பிறந்த நாள் முதல் எல்லோரும் சொன்னார்கள். அவளுடைய பயம் போதாது என்று சொன்ன முதல் சீவன் இதுதான்.

"நாலு வருசத்துக்கு முன்னம் ரெண்டு பேர் வந்தவை," என்றாள் ரீச்சர். "எனக்குக் காட்டாமலே ஒரு கூடாரம் கொண்டுவந்தவை. நல்ல கூடாரம். கரடி வரேல்லை. குளிரும் இல்லை."

"பிறகு?"

"காலமை எழும்பேல்லை."

"ஏன்?"

ரீச்சர் கோடரியைப் பிடுங்கி அடுத்த கட்டையை எடுத்துவைத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் நாகபூசணி கடையில் கித்தான் கூடாரத்தை வாங்கினாள். கரடி வரவில்லை, குளிரவும் இல்லை, ஆனாலும் இரண்டு பேர் எழும்பவில்லை. ஏதோ ஒன்று உள்ளே வந்திருக்கிறது. அப்படியென்றால் எதுவுமே உள்ளே வரக் கூடாது.

இரண்டு கிழமை இருந்து தைத்தாள். தையலுக்கு மேல் தையல். மேலே காற்றுக்கென்று விட்டிருந்த ஓட்டைகளை அடைத்தாள். அடியில் சுற்றிவரப் பாவாடை மாதிரித் துணி விட்டாள்.

சபாநாதன் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"கூடாரம் தைக்கிறியோ, தவிலுக்குத் தோல் போடுறியோ?"

"நீங்கள் தவில் மாதிரிக் குறட்டை விடுங்கோ. நான் மலைக்குப் போறன்."

மறுபடி போனபோது முற்றத்தில் பனி கிடந்தது. மத்தியானம். நாகபூசணி ஒரு கை உதவி கேட்காமல் கூடாரத்தைத் தானே அடித்தாள். துணியின் விளிம்பைச் சுற்றிக் கல் வைத்து அமத்தினாள். தகர அடுப்பை உள்ளே வைத்து, புகைக்குழலைக் கூரைக்கு வெளியே விட்டாள்.

ரீச்சர் ஒரு சுற்று நடந்தாள். தையலை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"தையல் வடிவு."

நாகபூசணியின் நெஞ்சு ஒரு முழம் நிமிர்ந்தது. "எறும்பு கூட வராது, ரீச்சர்."

"அடுப்பை மூட்டுங்கோ."

அது அவளுக்கு ஒரு வேலையா? சாவகச்சேரியில் அவளுடைய ஐயா பாண் பேக்கரி வைத்திருந்தவர். பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளை பாண் சுடுகிற போறணை அடுப்புக்கு விறகு தள்ளித்தான் வளர்ந்தாள். ஒரு நெருப்புக்குச்சி போதும். தணல் விழுந்ததும், விறகு கனநேரம் நிற்கட்டும் என்று அடுப்பின் காற்றுக்கதவை இறுக்கி மூடினாள்.

"உள்ள வாங்கோ ரீச்சர். நல்ல இளஞ்சூடு."

"நான் வரேல்லை."

"ஏன், சப்பாத்து ஊத்தையோ?"

"நீங்கள் கதவை மூடிப்போட்டுப் படுங்கோ. நான் வாசலில இருந்து கூப்பிடுவன். ஓம் எண்டு சொல்லுங்கோ. சத்தம் வராட்டி நான் கதவைக் கிழிப்பன்."

ரீச்சர் வாசலை ஒட்டி ஒரு விறகுக்கட்டையில் இருந்தாள். பனி தூறிக்கொண்டிருந்தது. இதென்ன பிடிவாதம் என்று நினைத்தபடி நாகபூசணி கதவை மூடிவிட்டுப் படுத்தாள்.

சூடு அவளைப் போர்வையாய் மூடியது. எல்லாம் தன் கைவேலை.

"அக்கா?"

"ஓம்."

இந்தக் கூடாரத்தைச் சபாநாதன் பார்க்க வேண்டும். கன்ரீன் ஆட்கள் எல்லோரும் பார்க்க வேண்டும்.

"அக்கா?"

"ஓம்."

நெற்றிக்குள் யாரோ மெல்ல உரல் இடித்தார்கள். நித்திரை குறைவு என்று நினைத்தாள். கண் சொருகியது. எவ்வளவு நல்ல சூடு. மாரி மழைக்குப் போறணையடியில் படுத்திருக்கும் வேலையாட்களுக்கும் இந்தச் சூடுதான் பிடிக்கும். கதவைச் சாத்திவிட்டுப் படுக்கப் பார்ப்பார்கள். ஐயா விடமாட்டார். ஒரு செங்கல்லை எடுத்து வாசலின் இடது ஓரத்தில் வைப்பார், கதவு மூடாதபடி.

"முதலாளி, குளிருது," என்று முனகுவார்கள்.

"குளிருறவன் காலமை எழும்புவான்," என்பார் ஐயா.

"அக்கா?"

நாகபூசணி எழுந்து உட்கார்ந்தாள். உள்ளே வந்தது எதுவுமில்லை; மூடிய கூடாரத்துக்குள் தணல் விட்ட நச்சுக்காற்று வெளியே போகவில்லை.

"அக்கா!"

"ஓம்! ஓம்!"

கதவைப் பிய்த்துத் திறந்துகொண்டு முழங்காலில் வெளியே வந்தாள். பனிக்காற்றை இழுத்து இழுத்துக் குடித்தாள். ரீச்சர் அதற்குள் எழுந்து நின்றிருந்தாள். கையில் கத்தி விரித்திருந்தது.

உரல் இடி மெல்லக் குறைந்தது. நாகபூசணி கையை நீட்டினாள்.

"கத்தியைத் தாங்கோ."

எதற்கு என்று கேட்காமல் ரீச்சர் கொடுத்தாள்.

மேலே அடைத்த ஓட்டைகளை முதலில் அறுத்தாள். பிறகு அடியில் விட்ட பாவாடையை, ஒரு பக்கம் முழுக்க. இரண்டு கிழமைத் தையல். நூல் அறுகிற சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி அடுப்பின் காற்றுக்கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்தாள். நெருப்பு உறுமிக்கொண்டு எழுந்தது.

இரண்டு பேரும் வெளியே நின்றார்கள். உள்ளிருந்த சூடு எல்லாம் போகும்வரை நின்றார்கள்.

பிறகு நாகபூசணி உள்ளே போய் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். அடியால் வந்த காற்று காலைக் கடித்தது.

"எப்பிடி இருக்கு?" என்றாள் ரீச்சர் வாசலில் நின்று.

"குளிருது."

"நல்லாவோ?"

"பல்லுக் கிட்டுது."

ரீச்சர் தொப்பியைக் கழற்றிப் பனியைத் தட்டினாள். குனிந்து உள்ளே வந்தாள். நாகபூசணியின் பாயில் நீட்டி நிமிர்ந்து படுத்து, கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூச்சு சீராக வந்தது.

தன் பயத்தை நம்பி ஒருவர் நித்திரை கொள்வதை நாகபூசணி ஐம்பத்திரண்டு வயதில் முதல்முறை பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளியே காற்று கூடியது. வாசல் துணி படபடத்து, மூடிக்கொள்ளப் பார்த்தது.

அவள் தன் வலது சப்பாத்தைக் கழற்றி, வாசலின் இடது ஓரத்தில் வைத்தாள்.