முள்ளுன்னு சொன்னவன் கால்ல முள்ளு

ஒரு ஊர்ல ஒரு ராசா இருந்தாரு. எப்பேர்ப்பட்ட ராசான்னா, கால் தரையில படாத ராசா. கோயிலுக்குப் போனாலும் பல்லக்கு, குளத்துக்குப் போனாலும் பல்லக்கு, கொல்லையில மாமரம் பூத்திருக்கான்னு பாக்கப் போனாலும் பல்லக்கு. சிரிக்காதீங்க, நெசமாத்தான்.

அந்தப் பல்லக்கைத் தூக்க ஆள் வேணுமில்ல? தூக்க நாலு பேர், அவங்க களைச்சா மாத்திக்க நாலு பேர், ஆக எட்டு பேர். பழைய ராசா காலத்துலேருந்து அதுதான் வழக்கம். ஆளுக்கு நாளைக்கு ரெண்டு படி நெல்லு. அதை அளந்து குடுக்கறது அரண்மனை மணியக்காரர், பேரு தாண்டவராயர். அந்தப் புண்ணியவான் என்ன பண்ணாரு தெரியுமா? மாத்தாளு நாலு பேரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாரு. ராசாகிட்ட சொன்னாரா? சொல்லல. எட்டு பேர் நெல்லும் அரண்மனையிலேருந்து இறங்குது, நாலு பேர் நெல்லு நேரா மணியக்காரர் வீட்டு நெல்லுக் குதிருக்குள்ள போகுது. ராசாவுக்கு எப்படித் தெரியும்? உள்ள உக்காந்து திரையைப் போட்டுக்கிட்டா, வெளிய தூக்கறவன் யாரு, எத்தனை பேருன்னு பாக்கவா போறாரு?

மிச்சம் இருந்த நாலு பேர்ல முன்தண்டு தூக்கறவன் சடையாண்டி. முன்தண்டுக்காரனுக்குத் தோள் மட்டும் இருந்தாப் போதாது, வாயும் வேணும். பின்னால வர்றவனுக்குப் பாதை தெரியாது பாருங்க, பல்லக்கு மறைச்சுக்கும். அதனால முன்னால இருக்கறவன் "கல்லு!"ன்னு சொல்லணும், பின்னால இருக்கறவங்க "ஆமா கல்லு!"ன்னு சொல்லி ஒதுங்கணும். "பள்ளம்!" "ஆமா பள்ளம்!" "முள்ளு!" "ஆமா முள்ளு!" செருப்புப் போடக்கூடாது, வரப்புல வழுக்கிரும். வெறுங்கால்தான்.

ஒரு நாள் கருவேலங்காட்டு வழியா போறாங்க. மணியக்காரர் குதிரையில பின்னாலயே வந்து "ஓடுங்கடா, ஓடுங்கடா"ன்னு விரட்டறாரு. சடையாண்டி முள்ளைப் பாத்துட்டான், "முள்ளு!"ன்னு கத்திட்டான். மத்தவங்க ஒதுங்கிட்டாங்க. அவன் ஒதுங்குனா? பல்லக்கு சாஞ்சிரும், ராசா உருண்டுருவாரு. அதனால தெரிஞ்சே மிதிச்சான். உள்ளங்கால்ல ஏறி உடைஞ்சு உள்ளயே நின்னுக்கிச்சு.

சடையாண்டி பொண்டாட்டி மூக்காயி. இந்தக் கதை அவ கதைதான். அவ எருக்கம்பால் வச்சுப் பாத்தா, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுக் கட்டிப் பாத்தா. கால் வீங்கிக்கிட்டே போகுது. வைத்தியரைக் கூட்டிட்டு வந்தா. அவரு அமுக்கிப் பாத்துட்டு, "முள்ளை எடுத்து மருந்து வச்சுக் கட்டறேன். ஏழு நாள் இந்தக் கால் தரையில படக்கூடாது. பட்டா நான் பொறுப்பில்ல"ன்னுட்டாரு.

ஏழு நாள்! முதல் நாள் படுத்தான். அன்னைக்குச் சாயங்காலமே மணியக்காரர் ஒரு சட்டம் போட்டாரு: "நாலு பேர்ல ஒருத்தன் படுத்தா நாலு வீட்டுக்கும் படி கிடையாது." எப்படி இருக்கு பாத்தீங்களா? இவன் படுத்தா அவன் புள்ள பட்டினி. கூடத் தூக்கற வெள்ளையனோட பொண்டாட்டி வெறும் முறத்தைக் கையில வச்சுக்கிட்டு மூக்காயி வாசல்ல வந்து நின்னா. அவளுக்கு அஞ்சு புள்ளைங்க. மறுநாள் விடியறதுக்குள்ள சடையாண்டி நொண்டிக்கிட்டே தண்டுக்குப் போயிட்டான்.

மூக்காயி நேரா மணியக்காரர் வீட்டுக்குப் போனா. "ஐயா, அவருக்குக் கால் வீங்கியிருக்கு, ஏழு நாள் விடுங்கய்யா"ன்னா.

மணியக்காரர் வெத்தலை மடிச்சுக்கிட்டே சொல்றாரு, "வீங்கினது கால்தானே? பல்லக்கு தூக்கறது தோள்தானே? தோள் நல்லா இருக்குல்ல? போ."

மூணு நாள் கழிச்சு ரெண்டாந்தடவை போனா. "ஐயா, வலி தாங்காம அழுவறாருய்யா, ஆம்பளை அழுவறதைப் பாக்க முடியலய்யா."

"வலியை நினைச்சாத்தான் வலிக்கும். பாட்டுப் பாடிக்கிட்டே நடக்கச் சொல்லு, போ."

பாட்டுப் பாடணுமாம்! கேட்டீங்களா நியாயத்தை!

வேலைக்குப் போயும் பாதி நேரம் நொண்டறான்னு, அவன் படியில பாதியைக் குறைச்சாரு மணியக்காரர். பாதி நெல்லு வீட்டுக்கு எப்படிப் போதும்? வீட்ல ஒரு வெள்ளாடு இருந்துச்சு, அதை வித்து மருந்து வாங்கினா. ஆடு போச்சுன்னா பால் போச்சு. பால் போச்சுன்னா கைக்குழந்தைக்கு என்ன குடுப்பா? அவளே கஞ்சித்தண்ணி குடிச்சுக் கிடக்கறா, மாரு வத்திப் போச்சு. குழந்தைக்கு உடம்பு கொதிக்க ஆரம்பிச்சிருச்சு. அப்பன் கால்ல குத்துன முள்ளு, புள்ளைக்குக் காய்ச்சலா வந்து நிக்குது.

மூணாந்தடவை போனா. இடுப்புல குழந்தை. "ஐயா, வைத்தியம் பாக்கணும்யா, புருசனுக்கும் பாக்கணும், புள்ளைக்கும் பாக்கணும்."

"முதல்ல வேலையை முடிக்கச் சொல்லு, அந்தக் கூலியில வைத்தியம் பாத்துக்கட்டும், போ."

வீட்டுக்குத் திரும்பி நடக்கறா. தனக்குத்தானே பேசிக்கிட்டு நடக்கறா.

"காலே காலே, ஏன் ஆறல?"

"மனுசன் என்னைக் கீழ ஊணறானே, நான் எப்படி ஆறுவேன்?"

"மனுசா மனுசா, ஏன் ஊணற?"

"அடுப்புல சட்டி காலியா இருக்கே, நான் எப்படிப் படுப்பேன்?"

"சட்டியே சட்டியே, ஏன் காலி?"

"மணியக்காரர் படியை அறுத்துட்டாரே, நான் எப்படி நிறைவேன்?"

"மணியக்காரரே மணியக்காரரே, ஏன் அறுத்தீரு?"

"கால் ஆறலையே, நான் எப்படி அளப்பேன்?"

அட பாவி! சுத்திச் சுத்தி அதே காலுக்கே வந்து நிக்குது. யாரைக் கேட்டாலும் அடுத்தவனைக் காட்டறான். எல்லாருக்கும் மேல ஒருத்தர் திரைக்குள்ள உக்காந்திருக்காரே, அவரை மட்டும் யாரும் கேக்கல. மூக்காயிக்கு வந்துச்சு பாருங்க கோபம். அழுகையெல்லாம் காஞ்சு போச்சு.

அந்த நேரத்துல ராசாவோட தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் வந்துச்சு. பக்கத்துச் சீமையில. தாய்மாமன் மாலை எடுத்துக் குடுக்காம தாலி கட்ட முடியுமா? விடியக்காலையில பல்லக்கு கிளம்பிருச்சு. ராசா பட்டுடுத்தி உள்ள, சடையாண்டி முன்தண்டுல, மணியக்காரர் குதிரையில. மூக்காயி ஒரு கையில கஞ்சிக்கலயம், ஒரு இடுப்புல குழந்தை, பல்லக்குக்குப் பின்னாலயே நடந்தா. "நீ எதுக்குடி?"ன்னு மணியக்காரர் கேட்டாரு. "பாட்டுக் கேக்க வரேன்யா"ன்னா.

பாதி வழி. அதே கருவேலங்காடு. சடையாண்டி "கல்லு"ன்னான். "ஆமா கல்லு." "பள்ளம்"னான். "ஆமா பள்ளம்." அப்புறம் வாய் அசையுது, சத்தம் வரல. அப்படியே முட்டி போட்டு உக்காந்துட்டான். மத்த மூணு பேரும் பல்லக்கைத் தாங்கிப் பிடிச்சுக் கீழ இறக்குனாங்க.

திரை விலகுச்சு. ராசா எட்டிப் பாத்தாரு. "ஏன் நின்னுருச்சு? முகூர்த்தம் தப்பிரும். மாத்தாளை வரச் சொல்லு."

மூணு பேரும் மணியக்காரரைத் திரும்பிப் பாத்தாங்க.

"மாத்தாளு நாலு பேர் எங்கய்யா? எட்டு பேருக்குத்தானே தினமும் நெல்லு போகுது?"

மணியக்காரர் குதிரை மேலயே நெளிஞ்சாரு. "அது வந்து... உடம்பு சரியில்ல மகராசா, நாலு பேருக்கும்..."

மூக்காயி முன்னால வந்து நின்னா. கும்பிட்டாளா? கையில கலயம், இடுப்புல புள்ள, எந்தக் கையால கும்பிடறது? "மகராசா, அந்த நாலு பேர் வீட்டுக்குப் போய் வருசம் ரெண்டாச்சு. அவங்க நெல்லு எங்க இருக்குன்னு மணியக்காரர் வீட்டு நெல்லுக் குதிரைத் தட்டிப் பாருங்க. இதோ என் புருசன் கால். உங்களை உருள விடக்கூடாதுன்னு தெரிஞ்சே மிதிச்ச முள்ளு. படுத்தா நாலு வீடு பட்டினின்னு சட்டம், அதனால படுக்கல. இதோ என் புள்ள. தொட்டுப் பாருங்க."

ராசா தொட்டாரு. கையை வெடுக்குன்னு எடுத்துக்கிட்டாரு, அவ்வளவு கொதிப்பு.

ஆனா ராசா ராசாதானே, முகூர்த்தம் முக்கியம். "நெல்லு விசயமெல்லாம் திரும்பி வந்து பேசிக்கலாம்"னு சொல்லுவாருன்னு மணியக்காரர் பாத்தாரு. ராசா அவரையே ஏற இறங்கப் பாத்துட்டு, "ஒரு ஆள்தானே குறையுது? நீர் இறங்கும். முன்தண்டைப் பிடியும்"னாரு.

"நானா மகராசா?"

"நீர்தான்."

"செருப்பைக் கழட்டுங்கய்யா"ன்னு வெள்ளையன் மெதுவாச் சொன்னான். "வழுக்கிரும்."

மணியக்காரர் இறங்குனாரு, செருப்பைக் கழட்டுனாரு, தண்டைத் தோள்ல வச்சாரு. குதிரை சும்மா நிக்குதுல்ல? மூக்காயி சடையாண்டியை அதுல ஏத்தி, மடியில புள்ளையைக் குடுத்து, கடிவாளத்தைத் தான் பிடிச்சுக்கிட்டா. பல்லக்குப் பக்கத்துலயே நடந்தா.

பத்து அடி போகல. "ஐயோ, கால்! முள்ளு ஏறிருச்சு!"

மூக்காயி சொன்னா, "ஏறினது கால்லதானே ஐயா? தூக்கறது தோள்தானே? தோள் நல்லா இருக்குல்ல? போங்க."

இன்னும் பத்து அடி. "வலி உயிர் போகுதே!"

"வலியை நினைச்சாத்தான் வலிக்கும். பாட்டுப் பாடிக்கிட்டே நடங்க ஐயா, போங்க."

பின்னால தூக்கறவங்க சிரிப்பை அடக்க முடியாம தண்டையே கடிச்சுக்கிட்டாங்க. இன்னும் பத்து அடி. "இறக்குங்க, இறக்குங்க, முள்ளை எடுத்துட்டு வரேன்!"

"முதல்ல வேலையை முடிங்க ஐயா, அந்தக் கூலியில எடுத்துக்கலாம், போங்க."

போனாரு. எங்க போனாரு? அவருக்குப் பாதை சொல்லத் தெரியுமா? அத்தனை வருசம் குதிரை மேல உக்காந்து விரட்டத்தான் தெரியும். முன்னால பெரிய பள்ளம். வாயைத் திறந்து "பள்ளம்"னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா மூணு பேரும் நின்னுருப்பாங்க. சொல்லல. பொத்துன்னு விழுந்தாரு, பல்லக்கு குடை சாஞ்சுச்சு, பட்டுடுத்துன ராசா உருண்டு போய் முள்ளுக்குள்ள. எந்திரிச்சு நின்னாரு. பொறந்ததுலேருந்து முதல் தடவையா கால் தரையில பட்டுச்சு, பட்ட இடத்துலயே முள்ளு ஏறிருச்சு.

ராசா நொண்டிக்கிட்டே நடந்து போய் மாலை எடுத்துக் குடுத்தாரு. கல்யாணம் நடந்துச்சு. அரண்மனைக்கு வந்து ஏழு நாள் காலை நீட்டி உக்காந்தாரு. பக்கத்துலயே வைத்தியர். வேளா வேளைக்குச் சோறு. பால் வேற. நான் கேக்கறேன், அந்த ஏழு நாள்ல ஒரு வேளையாவது ராசாவுக்குப் படி நின்னுச்சா? ராசாவுக்கும் அதே நினைப்பு வந்துச்சு போல. எட்டாம் நாள் மூக்காயியைக் கூப்பிட்டு விட்டாரு.

"என்ன வேணும், கேளும்மா"ன்னாரு.

"என் புருசன் கால் வேணும்"னா மூக்காயி.

ராசா தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அந்தக் காலை அவரால குடுக்க முடியாது. அழுகல் மேல ஏறாம இருக்க வைத்தியர் ரெண்டு விரலை எடுத்துட்டாரு. புள்ள பொழைச்சுக்கிச்சு, கால் பொழைக்கல. ஏழு நாள் படுத்திருந்தா ஆறியிருக்க வேண்டிய கால்!

"முடியாதில்ல?"ன்னா மூக்காயி. "அப்போ இனிமே ஒருத்தன் காலும் இப்படிப் போகக்கூடாது. படுத்தவன் வீட்டுக்குப் படி முன்னால போகணும். வைத்தியர் அரண்மனைச் செலவுல போகணும். எட்டு பேர்னா எட்டு பேர் இருக்கணும். அவருக்கு அரண்மனை வேலையில போன கால், அதனால அவர் இருக்கற வரைக்கும் எங்க வீட்டுக்குப் படி வரணும்."

"அப்படியே ஆகட்டும். அளக்கறது நீயாவே இரு"ன்னுட்டாரு ராசா. மணியக்காரர் வீட்டுக் குதிரைத் திறந்தாங்க. கொட்டுச்சு பாருங்க நெல்லு, ரெண்டு வருச நெல்லு! வீட்டுக்குப் போன நாலு பேருக்கும் அளந்து குடுத்து, வேலைக்கும் திருப்பிக் கூப்பிட்டாங்க. மொத்தம் ஏழு பேர் ஆச்சு. எட்டாவது ஆள் யாரு? தாண்டவராயர்தான். முன்தண்டு, வெறுங்கால், நாளைக்கு ரெண்டு படி.

மூணே நாள்ல அவர் கால் புடைச்சுக்கிச்சு. மணியக்காரர் பொண்டாட்டி வெறும் முறத்தை எடுத்துக்கிட்டு மூக்காயி வாசல்ல வந்து நின்னா. ஊரே வேடிக்கை பாக்குது. வெள்ளையன் பொண்டாட்டி, "போடாத, ஒரு மணி போடாத"ங்கறா.

மூக்காயிக்குக் கோபம் போயிருச்சா? போகல. உள்ள திண்டாடிக்கிட்டு உக்காந்திருக்கான் புருசன், ரெண்டு விரல் இல்லாம. எப்படிப் போகும்? ஆனா முறத்தை வாங்குனா. கோபுரமா ரெண்டு படி அளந்து போட்டா. "உங்க வீட்டுக்காரர் காலும் கால்தான். ஏழு நாள் படுக்கச் சொல்லுங்க, வைத்தியரை அனுப்பறேன். எட்டாம் நாள் விடியக்காலையில தண்டுக்கு வந்துரணும்"னா.

எட்டாம் நாள் வந்துட்டாரு. அதுலேருந்து அந்த ஊர்ல முன்தண்டுலேருந்து வர்ற சத்தம்தான் ஊருக்கே கேக்கும். "முள்ளு! முள்ளு! முள்ளு!" இல்லாத முள்ளுக்குக்கூடச் சொல்லுவாராம்.

அவ்வளவுதான், பல்லக்கை இறக்கியாச்சு, கதையையும் இறக்கியாச்சு. எந்திரிச்சுப் போய் காலைக் கழுவிட்டு வாங்க. யார் கால்லயாவது முள்ளு இருந்தா இப்பவே சொல்லிருங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு ஒருத்தரும் மறைக்கக் கூடாது.