ஓட்டையில்லாத வலை

பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற ரோட்டில் நாச்சிமுத்துவின் தேங்காய் நார் மில் இருந்தது. அந்தத் தொழிலில் நாரை யாரும் நார் என்று சொல்வதில்லை. மட்டை அள்ளுகிற அம்மாளிலிருந்து லாரி டிரைவர் வரை எல்லோருக்கும் அது ஃபைபர்தான். பின்னால் நடந்ததற்கெல்லாம் இந்த ஒரு சொல்தான் காரணம் என்று மில்லில் இன்றும் சொல்கிறார்கள். சொல் பாவம், அது என்ன செய்யும்?

ஹாலந்துக்காரர் ஒருவர் வருஷம் முழுக்க நார் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மில்லைக் கம்ப்யூட்டரில் நேரடியாகக் காட்ட வேண்டும், பிடித்தால் ஆர்டர். ஆர்டர் கிடைக்காவிட்டால் நாச்சிமுத்து மில்லைச் சாத்திவிட்டு, கிணத்துக்கடவில் சகலையின் கோழிப்பண்ணைக்கு மேனேஜராகப் போக வேண்டும். "வாங்கண்ணா, உங்களுக்குன்னு ஒரு சேர் போட்டே வெச்சிருக்கேன்" என்று சகலை கல்யாண வீட்டில் நாலு பேர் நடுவில் சொன்னதிலிருந்து, சேரைப் பார்த்தாலே நாச்சிமுத்துவுக்கு நெஞ்செரிச்சல்.

கோயமுத்தூரிலிருந்து ஜெசிந்தா என்ற இன்ஜினியர் பெண் வந்து பார்த்தாள். அவளுக்கு ஏகப்பட்ட அவசரம்.

"ஆபீஸ், மில், குடோன், மூணையும் இணைச்சு ஃபைபர்ல நெட்வொர்க் போட்டுடலாம் சார். சர்வரை மட்டும் நீங்க ஏற்பாடு பண்ணிடுங்க. ஏசி ரூம்ல வெச்சுப் பூட்டிடணும். அது ஒரு நிமிஷம்கூட டவுன் ஆகக் கூடாது, ஆச்சுன்னா எல்லாம் போச்சு. பிளானை யோசிச்சு வைங்க, திங்கட்கிழமை காலைல வரேன்."

இவ்வளவையும் காரில் ஏறிக்கொண்டே சொன்னாள். காரில் ஏறிக்கொண்டே பேசுகிறவர்களால்தான் ஊரில் பாதித் தொல்லை.

நாச்சிமுத்து, அவன் மச்சினன் சென்னியப்பன், கணக்கு எழுதுகிற கிட்டுச்சாமி, மூவரும் கூடி உட்கார்ந்தார்கள். சென்னியப்பனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பியதும் அவன்தான்.

"நெட்டுன்னா வலை, வொர்க்குன்னா வேலை" என்றான் அவன். "ஃபைபர் நெட் வொர்க்குன்னா, நார்ல வலை பின்ற வேலை மச்சான்."

"அட, இதுக்கா கோயமுத்தூர்ல இருந்து ஒரு புள்ள வரோணும்?" என்றான் நாச்சிமுத்து.

"உங்க சகலையும் போன மாசம் ஃபைபர் போட்டாருங்களே முதலாளி" என்றார் கிட்டுச்சாமி. "காசு குடுத்து வெளிய வாங்கித்தான் போட்டாராமா."

"கோழிகிட்ட ஏதுய்யா ஃபைபரு? அவன் வாங்கித்தான் போடோணும்" என்றான் நாச்சிமுத்து. ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் அவன் முகத்தில் ஒரு தெளிவு.

அன்றே கயிறு முறுக்குகிற பெண்களையெல்லாம் வலை பின்ன உட்கார்த்தினார்கள். சரியாகச் செய்ய வேண்டுமே என்று சென்னியப்பன் ஜெசிந்தாவுக்கு போன் போட்டான்.

"மேடம், நெட்வொர்க்கு அகலம் எவ்வளவு வேணுமுங்க?"

"எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. அப்பத்தான் ஸ்பீடு கிடைக்கும்."

"ஓட்டை எந்த சைசுல விடறதுங்க?"

"ஓட்டையா? ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது! இருந்தா கண்டவனும் உள்ள பூந்து எல்லாத்தையும் திருடிட்டுப் போயிடுவான்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள்.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"ஓட்டையே இல்லாம வலை பின்னுனா அது பாயில்லீங்களா?" என்றார் கிட்டுச்சாமி.

"சாதா ஆளுக்குத்தான் பாயி. படிச்சவங்களுக்கு நெட்வொர்க்கு" என்றான் சென்னியப்பன். ஓட்டைகளை அடைக்கும் வேலை அத்தோடு ஆரம்பமானது.

அடுத்தது சர்வர். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து மெஸ்ஸில் அழகிரி என்றொரு சர்வர் இருந்தான். ஒரே கையில் நாலு தோசைத் தட்டு ஏந்தி வருவான். ஏசி ரூமில் வேலை என்றதும் தோளில் கிடந்த துண்டோடு கிளம்பிவிட்டான். மில்லில் ஏசி இருந்தது நாச்சிமுத்துவின் அறையில் மட்டும்தான். அதை அவனுக்குக் கொடுத்துவிட்டு, முதலாளி வெளியே வேர்த்து விறுவிறுக்க உட்கார்ந்தான்.

"டவுன் ஆகக் கூடாதுன்னாங்களே, அப்படின்னா?" என்றார் கிட்டுச்சாமி.

"டவுன்னா கீழ. கீழ உக்காரப்படாது" என்றான் சென்னியப்பன்.

"படுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டான் அழகிரி.

"உக்காரவே கூடாதுங்கறேன், இவன் பாய் கேக்கறான் பாரு!" என்று சொல்லி, அறையிலிருந்த நாற்காலியையும் எடுத்துவிட்டுப் பூட்டினான் சென்னியப்பன்.

திங்கட்கிழமை காலை ஜெசிந்தா வந்து இறங்கியபோது ஆபீஸ், மில், குடோன் மூன்றின் கூரைக்கும் சேர்த்து ஒரு பெரிய நார்ப் பாய் கட்டியிருந்தது. வாசலே இருட்டிக் கிடந்தது.

"என்ன சார் இது, பந்தலா? யாருக்குக் கல்யாணம்?"

"நெட்வொர்க்குங்க. எங்காவது ஒரு ஓட்டையைக் காட்டுங்க, காதை அறுத்துக்கறேன்" என்றான் சென்னியப்பன்.

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளக்கூட நேரமில்லை. கூட வந்த ஆட்களை விட்டு அவிழ்க்கச் சொன்னாள், கேபிளை இழுக்கச் சொன்னாள். ஒரு நுனியை உரித்து, தலைமுடியைவிட மெல்லிசான ஒரு கண்ணாடி இழையை நாச்சிமுத்துவின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"இதோ, இதுதான் ஃபைபர். இது மட்டும்தான் ஃபைபர்! கண்ணுக்கு நேரா வெச்சுப் பார்க்கக் கூடாது. நல்லா மண்டையில ஏத்திக்குங்க. ஃபைபர்னா இனிமே இதுதான்!"

நாச்சிமுத்து மண்டையில் ஏற்றிக்கொண்டான். ஒரு விஷயம் அங்கே ஏறுவது அபூர்வம், ஏறினால் இறங்காது.

"சர்வர் ரெடியா?" என்றாள் போகிற போக்கில்.

"நிக்குதுங்க."

"குட்" என்று சொல்லிவிட்டு குடோன் கேமராவைப் பார்க்க ஓடினாள்.

சரியாகப் பதினோரு மணிக்குத் திரையில் ஹாலந்துக்காரர் வந்தார். மில் தெரிந்தது, மிஷின் தெரிந்தது, கை கும்பிட்டு நிற்கிற மூன்று பேரும் தெரிந்தார்கள். அவர் சிரித்தார். நாச்சிமுத்துவின் கண்ணிலிருந்து சகலையின் சேர் கொஞ்சம் கொஞ்சமாக மறையத் தொடங்கியது. மேஜையெல்லாம் முதல் தர நார், பொன் மாதிரி குவிந்து கிடந்தது.

"வெரி குட்" என்றார் ஹாலந்துக்காரர். "நவ், ஷோ மீ யுவர் ஃபைபர்."

சென்னியப்பன் நாரை அள்ளப் போனான். நாச்சிமுத்து அவன் கையைத் தட்டிவிட்டான்.

"மாப்ள, அந்தப் புள்ள அத்தனை தூரம் சொல்லுச்சே, மறந்துட்டியா? அவரு ஃபைபரைக் கேக்கறாரு!"

சொல்லிவிட்டு, கேபிள் வந்து சேர்ந்திருந்த பெட்டியின் பின்பக்கம் கையை விட்டு கேபிளைப் பிடுங்கினான். நுனியைக் கேமராவுக்கு முன்னால் பதமாகப் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கண்ணுக்கு நேரா பாக்காதீங்க சார்" என்று எச்சரிக்கையும் செய்தான்.

திரை இருட்டிப் போயிருந்தது.

"சொன்ன பேச்சைக் கேக்கற மனுசன். கண்ணை மூடிக்கிட்டாரு பாருங்க" என்றார் கிட்டுச்சாமி.

கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். அவர் கண்ணைத் திறக்கவேயில்லை. நாச்சிமுத்துவுக்குச் சட்டென்று பொறி தட்டியது. கேபிளைக் கையில் பிடித்தபடியே ஓடிப்போய் ஏசி ரூமைத் திறந்தான்.

சுவரில் சாய்ந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்தான் அழகிரி.

"கெடுத்தானே பாவி!" என்று அலறினான் நாச்சிமுத்து. "எந்திரிடா! நீ உக்காந்ததுலதான் ஹாலந்தே போச்சு!"

ஜெசிந்தா மூச்சிரைக்கக் குடோனிலிருந்து வந்தபோது அழகிரி விறைப்பாக நின்றுகொண்டிருந்தான். ஆளுக்கொரு பக்கமாக அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் பிடித்திருந்தார்கள் மச்சினனும் கணக்கரும். கருந்திரைக்கு முன்னால், கேபிள் நுனியை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் நாச்சிமுத்து.

"கவலைப்படாதீங்க மேடம்" என்றான். "சர்வரைத் தூக்கி நிறுத்தியாச்சு. இப்ப வந்துருவாரு."