முந்நூற்றுப் பன்னிரண்டு பங்காளிகள் சேர்ந்து செய்த கேம்

முட்டாள்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செம்மேட்டுப்பாளையத்தில் அவர்கள் டயர் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, ‘கரடு கேம்ஸ்’ என்று போர்டும் மாட்டியிருந்தார்கள்.

உள்ளே மூன்று பேர். பூபதிதான் தலைவர். ஸ்பின்னிங் மில் ஆபீஸில் இருந்த நல்ல வேலையை உதறிவிட்டு, கம்ப்யூட்டரில் விளையாடும் கேம் ஒன்றைச் செய்யப்போகிறேன் என்று வந்தவர். குழந்தைவேலு படம் வரைவான். அவன் வரைந்த குதிரையை நாய் என்று நினைத்துக் கல்லைத் தேடியவர்கள் உண்டு. லோகு என்கிற லோகாம்பாள் புரோகிராம் எழுதுவாள். சொன்னதைச் சொன்னபடி எழுதுவாள், ஒரு கேள்வி கேட்கமாட்டாள். கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பூபதியின் மனைவி சௌந்தரம் இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு துணிமணியைக் கட்டிக்கொண்டு பெருந்துறையில் இருக்கும் அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். “கேம் முடிஞ்ச அன்னைக்குப் போன் பண்ணுங்க, அடுத்த பஸ்ஸுல வர்றேன். அது வரைக்கும் உங்க சங்காத்தமே வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பூபதி முட்டாள்தான், ஆனால் பெண்டாட்டி மேல் உயிராக இருந்த முட்டாள். அவள் போனதிலிருந்து மனுஷன் பாதியாக இளைத்துவிட்டார்.

கேமை முடிக்கக் காசு வேண்டும். பொதுமக்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டித் தரும் இணையதளம் ஒன்றில் பூபதி அறிவிப்புப் போட்டார். ‘ஒரு வீரன் கரட்டுக் குன்றின்மேல் ஏறிக் கொள்ளைக்காரர்களை வெட்டிச் சாய்க்கிறான். ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் கொள்ளைக்காரனுக்கு உங்கள் முகம். ஐம்பதாயிரம் கொடுத்தால் வீரனுக்கு உங்கள் முகம்.’

வெட்டுப்பட்டுச் சாவதற்கு ஐந்நூறு ரூபாய் கொடுக்க முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் முன்வந்தார்கள். ‘கேம் எப்போது வரும், எப்படி இருக்கும்’ என்று அதில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ‘என் மூக்கைக் கொஞ்சம் சின்னதாக வரைய முடியுமா’ என்று நாற்பது பேர் கேட்டார்கள். வீரனாக யாரும் வராததால் பூபதியே தன் முகத்தைக் கொடுத்துவிட்டார்.

இணையதளத்திலிருந்து அறிவுரைத் தாள் ஒன்று வந்தது. ‘வாரா வாரம் உங்கள் பணியில் நடப்பதை ஒளிவுமறைவின்றித் தெரிவியுங்கள்’ என்று அதில் இருந்தது. உடனே பணம் தந்தவர்களுக்குக் கடிதம் போனது. ‘இந்த வாரம் வேலை நடக்கவில்லை. குழந்தைவேலுவுக்கு வயிறு சரியில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் ஒன்பது முறை போனான்.’ பதிலுக்கு இருநூறு பேர் மாதுளம்பழத் தோல் வைத்தியம் எழுதி அனுப்பினார்கள்.

அறிவுரைத் தாளில் இருந்த அடுத்த வரிதான் எல்லோர் தலையிலும் கல்லைப் போட்டது. ‘பணம் தந்த ஒவ்வொருவரையும் உங்கள் குடும்பத்தில் ஒருவராக நடத்துங்கள்.’

“என்ன முறை வெச்சுக் கூப்பிடறதுங்க?” என்றான் குழந்தைவேலு. “மாமன் மச்சான்னு வெச்சுக்கலாமா?”

“மாமன் மச்சான்னா நல்லது கெட்டதுக்கு விருந்து வெக்கணும். முந்நூறு பேருக்கு யாரு ஆக்கிப் போடறது?” என்றார் பூபதி.

“அப்ப பங்காளிங்க. பங்காளின்னாச் சண்டை போட்டாப் போதும்,” என்றாள் லோகு.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். அன்றிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் பங்காளிகள் ஆனார்கள்.

கேமில் முதல் கொள்ளைக்காரன் வெட்டுப்பட்டு விழுந்த நாளில் அடுத்த சிக்கல் முளைத்தது. அவன் விழுந்த கையோடு இரண்டாமவன் வந்து நின்றான். பூபதி பதறிப்போய் நிறுத்தச் சொன்னார்.

“ஏம்மா லோகு, பங்காளி ஒருத்தன் செத்துக் கெடக்கறான். பாடைகூட எடுக்கலை. அதுக்குள்ள அடுத்தவன வெட்டினா ஊரு காறித் துப்பாதா?”

“அவனைச் செத்தவன்னு பாக்காம கொள்ளைக்காரன்னு பாத்தா என்னங்க?” என்றான் குழந்தைவேலு.

“கொள்ளைக்காரனா இருந்தாலும் நம்ம கொள்ளைக்காரன். பங்காளி செத்தா எத்தனை நாள் துக்கம்?”

“பதினாறுங்க.”

“எழுது.”

லோகு எழுதினாள். கேமில் யார் செத்தாலும் திரையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரும். பதினாறு நாளைக்குக் கேம் பூட்டிக்கொள்ளும். நிஜமான பதினாறு நாள். கருமாதி முடிந்த பிறகுதான் அடுத்த வெட்டு. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் வெட்டி முடிக்கப் பதிமூன்று வருஷமும் எட்டு மாதமும் ஆகும் என்று அவள் விரல் விட்டு எண்ணிச் சொன்னபோது பூபதிக்குப் புல்லரித்தது. “காசு குடுத்தவங்களுக்கு நெறைய நாள் ஓட வேண்டாமா?” என்றார்.

“சாவுச் சேதியைச் சொந்தபந்தத்துக்குச் சொல்லி விட வேண்டாமாங்க?” என்று குழந்தைவேலு கேட்டான். அதுவும் நியாயமாகப் பட்டது. எல்லோரிடமும் நெருங்கிய உறவின் போன் நம்பரை வாங்கி, செத்த நிமிஷமே போட்டோவோடு செய்தி போகிற மாதிரி வைத்தார்கள். பூபதியும் ஒழுங்காகப் படிவத்தை நிரப்பிச் சௌந்தரத்தின் நம்பரைக் கொடுத்தார்.

இதற்கிடையில் கீழே டயர் கடை வைத்திருந்த சாமிக்கண்ணு மேலே வந்தார். முதல் கொள்ளைக்காரன் அவர்தான். “ஐந்நூறு ரூவா குடுத்திருக்கறேன். நான் லேசுல சாகக் கூடாது, ஆமா” என்றார். லோகு அவருக்குப் பத்து ஆள் பலம் வைத்தாள். வயதில் மூத்த பங்காளியைக் கும்பிடாமல் வெட்டலாமா என்று பூபதி கேட்டதால், வீரன் முதலில் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிடுவதாகவும் எழுதினாள்.

கடைசியில், இணையதளத்திலிருந்து கிறிஸ்டோபர் என்ற அதிகாரி வந்தார். அன்று மாலைக்குள் அவர் கேமை விளையாடிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் கேம் முடிந்ததாகக் கணக்கு. போடாவிட்டால் எல்லாம் ரத்து. பூபதி காலையிலேயே குளித்து, சட்டை மாற்றி, சௌந்தரத்துக்குப் போன் போடத் தயாராகக் கையில் செல்லை வைத்துக்கொண்டு நின்றார்.

கிறிஸ்டோபர் பட்டனைத் தட்டினார். பூபதி முகத்தோடு வீரன் கரட்டில் ஏறினான். எதிரே சாமிக்கண்ணு. வீரன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பயபக்தியோடு கும்பிட்டான். சாமிக்கண்ணு ஓங்கி ஒன்று விட்டார். வீரன் செத்துப்போனான்.

சங்கு ஊதியது. ‘கண்ணீர் அஞ்சலி. எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திச் சென்ற பூபதி’ என்று, மாலை போட்ட படத்தோடு போஸ்டர் வந்தது. கேம் பூட்டிக்கொண்டது.

“மறுபடி முதல்ல இருந்து போடுங்க,” என்றார் கிறிஸ்டோபர்.

“பதினாறு நாள் ஆகட்டுங்க சார். வீட்டுல எழவு விழுந்திருக்குது,” என்றாள் லோகு. குழந்தைவேலு கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

முக்கால் மணி நேரத்தில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சௌந்தரம் தலைவிரி கோலமாக இறங்கி, படியில் இரண்டு முறை தடுக்கி விழுந்து, ஓடி வந்தாள். அவள் அழுத அழுகையைக் கேட்டுச் சாமிக்கண்ணுவே கடை ஷட்டரைப் பாதி இறக்கினார். பின்னாலேயே அவளுடைய அண்ணன் சின்ராசு ரோஜா மாலையோடு வந்தார்.

உள்ளே பூபதி காபி குடித்துக்கொண்டிருந்தார்.

சௌந்தரம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பளாரென்று ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். “நான் கூப்பிடலை சௌந்தரம், செத்ததுனால சேதி தானாப் போயிருச்சு” என்றார் பூபதி. அவரும் அழுதார்.

சின்ராசுதான் தொண்டையைச் செருமினார். “மாப்ள, எழவுக்குன்னு வாங்குன மாலை. திரும்பி வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாதுங்க.”

பூபதி யோசித்தார். “அது சரிதான்” என்று நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தை நீட்டினார்.

மாலை விழுந்ததும் சௌந்தரத்துக்கும் முறை ஞாபகம் வந்துவிட்டது. “புருசன் செத்தா கருமாதி வரைக்கும் பொண்டாட்டி வீட்டை விட்டு வெளிய போகக் கூடாது. பதினாறு நாளும் நான் இங்கதான் இருக்கோணும்,” என்றாள். இரண்டு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியதன் பலன், வேறென்ன. பூபதி செத்ததற்காக முதல்முறை சந்தோஷப்பட்டார்.

கிறிஸ்டோபர் பையை எடுத்துக்கொண்டு, “சரிங்க, போயிட்டு வர்றேன்” என்றார். “எழவு வீட்டுல அப்படிச் சொல்லக் கூடாதுங்க!” என்று மாலையோடு இருந்த பூபதியே அதட்டினார். கிறிஸ்டோபர் கையெழுத்தும் போடாமல், சொல்லிக்கொள்ளவும் செய்யாமல் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் மத்தியானம் சௌந்தரம் பூபதிக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தாள். செத்தவருக்கு முதலில் படைக்க வேண்டும் என்று வாழையிலையில் சோறு போட்டு மதில்மேல் வைத்து, “கா... கா...” என்று கூப்பிட்டாள். பூபதி பக்கத்தில் நின்று பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காக்கா வந்தது. இலையில் இருந்த அத்தனையையும் நிதானமாகத் தின்றுவிட்டுப் பறந்தது.

பூபதி ஓர் ஏப்பம் விட்டு, “குழம்புல கொஞ்சம் உப்புக் கம்மி” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.