மூணாவது தடவை

கறுக்... முறுக்... கறுக்... முறுக். கேக்குதா? கண்ணை மூடு, அப்பதான் கேக்கும். அம்மா இந்தப் பூண்டை உரிச்சு வெச்சுட்டு வேலைக்குக் கிளம்பணும், இன்னிக்கு ஒரே கதைதான்.

ஒரு ஊர்ல ஒரு பள்ளிக்கூடம். வருஷத்துல பாதி நாள் அங்க பனி. வகுப்பு மூலையில கூண்டு, உள்ள கேரட்டைக் கடிச்சுக்கிட்டு ஒரு சாம்பல் முயல். வெள்ளிக்கிழமையானா வரிசைப்படி ஒரு பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

அந்த வகுப்புல நம்ம ஊர்லேருந்து போன பூங்கோதைன்னு ஒருத்தி. முயல்மேல உசிரு அவளுக்கு. ஆனா அவ அம்மா சொல்லி வளத்திருந்தா: யார் எது குடுத்தாலும் உடனே கை நீட்டாதே, காணாததைக் கண்டவன்னு நினைப்பாங்க. ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லு, மூணாவது தடவை கேட்டா வாங்கிக்கோ.

"ம்."

அப்புறம், டீச்சர் ரொட்டித் தட்டை நீட்டினாங்க. வேண்டாம்னா. தட்டு அடுத்த மேசைக்குப் போயிடுச்சு. அப்புறம் பனியில சறுக்குற பலகை. வேண்டாம்னா. பலகை விர்ருனு போயிடுச்சு. அப்புறம் முயல், அவ முறை. வாய் வேண்டாம்னுச்சு. கண்ணு மட்டும், இன்னொரு தடவை கேப்பாங்களான்னு பாத்துக்கிட்டே இருந்துச்சு. அந்த ஊர்ல யாரும் ரெண்டாவது தடவை கேக்கிறதில்ல. இவளுக்கு எதுவுமே பிடிக்காதுன்னு பிள்ளைங்க பேசிக்கிட்டாங்க.

"அவ அம்மா ஏன் அப்படிச் சொன்னாங்க?"

அந்த அம்மாவுக்கு அவளோட அம்மா சொல்லிக் குடுத்தது அதுதான். வேற என்ன தெரியும் அவளுக்கு? ஒருநாள் அந்த அம்மா வேலைவிட்டு வந்து, பூட்ஸைக்கூடக் கழட்டாம உக்காந்து பூங்கோதை சொன்னதை எல்லாம் கேட்டா. இனிமே முதல் தடவையே வாங்கிக்கோன்னா. அப்போ அத்தை வீட்லன்னு கேட்டா பூங்கோதை. அங்க மூணாவது தடவைன்னா அம்மா.

அப்புறம் வரிசை சுத்தி வர மாசக்கணக்காச்சு. இப்போ இவளுக்கு முன்னாடி ஷிரின்னு ஒரு புதுப் பொண்ணு, ஈரான்லேருந்து வந்தவ. டீச்சர் முயல் வேணுமான்னாங்க. ஷிரின் நெஞ்சுல கை வெச்சு வேண்டாம்னா. டீச்சர் பூங்கோதை பக்கம் திரும்பிட்டாங்க. உனக்கா?

"வாங்கிட்டாளா?"

வாங்கியிருக்கலாம். ஒரு சொல்லுதான். ஆனா ஷிரின் கண்ணு கூண்டுமேலயே இருந்துச்சு. அது இவளுக்குத் தெரிஞ்ச கண்ணு. எழுந்து போய், "வேணுமா?"ன்னா. ஷிரின் வேண்டாம்னு தலையை ஆட்டினா. டீச்சர் புரியாம நின்னாங்க. பூங்கோதை முயலைத் தூக்கி ஷிரின் மடியில வெச்சா. "வேணுமா?"

ஷிரின் ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டா.

"பூங்கோதைக்கு?"

அடுத்த வெள்ளி. கதை வளைக்குள்ள போயாச்சு, நீ போர்வைக்குள்ள போ. தண்ணி வேணுமா?

"வேண்டாம்."

வேணுமா?

போர்வைக்குள்ளிருந்து ஒரு கண் மட்டும் எட்டிப் பார்த்தது. அம்மா ஒரு டம்ளர் தண்ணியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, பாதி உரித்த பூண்டைக் கையில் எடுத்தாள்.