கோட்டை விட்டவள்

செங்கொடி கடலூர் மகளிர் கால்பந்து அணியின் கோல்கீப்பர். பதினோரு வருடம் ஆடினாள். கோலுக்குள் நின்றதைவிட அதற்கு வெளியே ஓடியதுதான் அதிகம். எதிராளி பந்தோடு வந்தால் பாதி வழியிலேயே போய்ப் பிடுங்குவாள். பிடுங்கிய பந்தைத் தானே உருட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டுவாள். இரண்டு முறை கோலே போட்டிருக்கிறாள்.

மாநில இறுதி ஆட்டத்திலும் அப்படித்தான் போனாள். ஒருத்தியை ஏமாற்றினாள். அடுத்தவள் பந்தைப் பறித்து, ஆளில்லாத கோலுக்குள் அடித்துவிட்டாள். அந்த ஒரு கோலில் கோப்பை போனது.

‘கோட்டை விட்டார் செங்கொடி’ என்று மறுநாள் பேப்பரில் கொட்டை எழுத்தில் வந்தது. அந்த வாரமே தேர்வுக் கமிட்டி அவளை நீக்கியது.

ஆறு வருடமாக அவளிடம் ஆட்டம் பழகி, மாற்று கோல்கீப்பராக பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவள் அஞ்சுகம். அவளைக் கமிட்டி கூப்பிட்டது.

“இடம் உனக்குத்தான். கோல் கோட்டை விட்டு முன்னால வர மாட்டேன்னு இதுல கையெழுத்துப் போடு.”

அஞ்சுகம் அந்தத் தாளோடு நேராக மைதானத்துக்கு வந்தாள். செங்கொடி தன் கிளவுஸை எடுத்துப்போக வந்திருந்தாள்.

“மனசு கொதிக்குதுக்கா. நீங்க முன்னால ஓடிப்போய்த் தடுக்கலேன்னா நாம செமி ஃபைனலே தாண்டியிருக்க மாட்டோம். அதை ஒருத்தன் எழுதலையே?”

“எழுத மாட்டாங்க.”

“கமிட்டியில மூணு பேரு. ஒருத்தராவது கோல்ல நின்னிருக்காரா?”

“கையில என்ன தாளு?”

அஞ்சுகம் படித்துக் காட்டினாள். செங்கொடியின் முகம் சிவந்தது.

“என்னை எடுத்ததோட நிக்கலையா? உன் காலையும் கட்டணுமாமா?”

“போடலேன்னா என்னையும் எடுத்துருவாங்க. நான் என்னக்கா பண்ணட்டும்?”

செங்கொடி ஒரு பந்தை எடுத்தாள்.

“போய் கோல் கோட்டு மேல நில்லு. முன்னால ஒரு அடி வரக்கூடாது.”

பந்தை உருட்டிக்கொண்டு கிட்டே வந்து அடித்தாள். பத்து முறை. பத்தும் உள்ளே போனது. பயிற்சி முடித்து ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்கள், “ஐயோ பாவம்” என்றார்கள்.

“இப்போ உன் இஷ்டப்படி வா.”

மறுபடியும் பத்து. அஞ்சுகம் பாய்ந்து பாய்ந்து வந்தாள். நான்கு பந்துகளைச் செங்கொடியின் காலடியிலேயே அமுக்கினாள். ஒன்று அவள் தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. கடைசிப் பந்துக்கு ஓடி வந்தபோது கால் இடறிக் குப்புற விழுந்தாள். பந்து அவளைத் தாண்டி மெல்ல உருண்டு உள்ளே போனது. பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

அஞ்சுகம் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

“பாத்தீங்களா? ஆறு கோலுக்கா. அத்தனை பேரும் சிரிக்கிறாளுங்க.”

“முதல்ல பத்து கோல் விட்டியே,” என்றாள் செங்கொடி. “அப்போ எவளாவது சிரிச்சாளா?”