பூரணி திறக்காத கதவு

கடைசியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன், நழுவ முடியாது. அதனால் சின்ன விஷயம்தானே என்று எதையும் தாண்டிப் போகாமல் படியுங்கள்.

சங்கரன்கோவிலில் ஒரு பத்திர எழுத்தரிடம் கோமதிக்குத் தட்டச்சு வேலை. அடித்து முடித்ததும் விற்பவரையும் வாங்குபவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, நான்கெல்லை உட்பட ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டுவாள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்கும் தெரிந்த பிறகுதான் கையெழுத்து. இந்த விஷயத்தில் அவளை யாரும் அசைக்க முடியாது.

மதியம் தயிர்சாதம் சாப்பிட்டபின் மிஞ்சும் அரைமணி நேரம் மட்டும் அவளுக்கே அவளுக்கு. அப்போது அவள் கோமதி இல்லை, நீலி என்ற மருத்துவச்சி. கைபேசியில் மூன்று பேர் சேர்ந்த ஒரு குழு. ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, முறை போட்டுக்கொண்டு, இரண்டு வருடமாக ஒரே கதையை எழுதிவந்தார்கள். மேலப்பாளையத்து ஆசிரியை ஷாஹினா எழுதியது பூரணி, உப்புக்கோட்டையின் வாயிற்காவல்காரி. தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெனிட்டோ எழுதியது மாறவேள், கோட்டைக்கு வெளியே படையோடு நிற்பவன். மூவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. ஆனாலும் கோமதிக்கு நாள் முழுவதும் நினைத்துப் பார்க்க இருந்தது இந்தக் கதை ஒன்றுதான்.

குழுவின் அட்மின் அவள். மூன்று விதிகளை அவளே எழுதிக் குழுவின் உச்சியில் பொருத்தியிருந்தாள். ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் அசைக்கக்கூடாது. முறை வந்தவர் பதினைந்து நாள் எழுதாவிட்டால், அவருடைய பாத்திரத்தைத் தொடாமல் அடுத்தவர் கதையை நகர்த்தலாம். மனக்குறை இருந்தால் எல்லோர் முன்னாலும் சொல்லவேண்டும். தனியாக யார் காதையும் கடிக்கக்கூடாது, கடித்தால் கேட்கவும் கூடாது.

பூரணி கதவைத் திறப்பாளா என்ற கட்டத்தில் கதை வந்து நின்றது. முறை ஷாஹினாவுடையது. அவள் குழுவில் எழுதவில்லை. கோமதிக்குத் தனியாக எழுதினாள்.

"அக்கா, நான் பத்துப் பத்தி எழுதுறேன். அவரு 'மாறவேள் சிரித்தான்'னு ஒத்த வரி போட்டுட்டுப் போயிடுறாரு. அதுக்கு நான் என்னத்த பதில் எழுத? சலிச்சுப்போச்சுக்கா. கொஞ்ச நாள் எழுதல. அவருகிட்ட சொல்லிராதீங்க."

"சரிம்மா, சொல்லல" என்று கோமதி பதில் போட்டாள்.

ஐந்து நாள் கழித்துப் பெனிட்டோவும் தனியாகத்தான் வந்தான்.

"அக்கா, அவங்க ஏன் எழுதல? நான் ஏதும் தப்பா எழுதிட்டனா? கிரேன் மேல உக்காந்து இடைவேளையில எழுதுறது, நம்மளது சின்னதாத்தான் வருது."

கோமதிக்கு அலுப்பாக இருந்தது. வீட்டில் மாமியாருக்கும் நாத்தனாருக்கும் நடுவே நின்று பஞ்சாயத்துப் பண்ணுவது போதாதென்று இங்கேயுமா என்று தோன்றியது. "அவங்களுக்கு வேலை இருக்கும் தம்பி. வந்துருவாங்க" என்று எழுதிவிட்டுக் கைபேசியைக் கவிழ்த்துவைத்தாள்.

பதினாறாம் நாள் பெனிட்டோ, விடுப்பு எடுத்து உட்கார்ந்து, வாழ்நாளில் முதல்முறையாகப் பன்னிரண்டு பத்தி எழுதினான். எப்படியாவது கதைக்கு உயிர் வரவேண்டும் என்ற ஆசை. அதைக் கோமதிக்கு அனுப்பி, "போடட்டுமா அக்கா?" என்று கேட்டான். அவள் முன்னால் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று, வடக்கெல்லையில் தகராறோடு, பாதியில் கிடந்தது. அனுப்பியதைத் திறக்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் குறியைத் தட்டிவிட்டாள்.

அவன் குழுவில் போட்டான். அதில் பூரணி கதவைத் திறந்தாள். திறந்ததோடு நிற்காமல், மாறவேளின் காலில் விழுந்து அழுதாள்.

பத்தே நிமிடத்தில் ஷாஹினா வந்தாள். "ரெண்டு வருஷமா யார் காலுலயும் விழாதவ. அவள விழவைக்க நீங்க யாரு?"

"அக்கா பாத்துட்டு சரின்னாங்களே" என்றான் பெனிட்டோ.

"அக்காவா? நான் ஏன் எழுதலன்னு அக்காவுக்குத் தெரியுமே! உங்ககிட்ட சொல்லலியா?"

"வேலைன்னாங்க."

பிறகு இருவரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "நீங்களே சொல்லுங்க அக்கா, தப்பு யார் மேல?"

ஒரு பக்கம், சொல்லாமல் ஒதுங்கிக்கொண்டவள். இன்னொரு பக்கம், அடுத்தவர் பாத்திரத்தைக் காலில் விழவைத்தவன். நடுவில், இருவரிடமும் நல்ல பெயர் வாங்கிவைத்திருந்த கோமதி. இந்தக் கதை உடைந்ததற்கு யார் காரணம்? பதிலை மனதில் குறித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

விடை: எழுதாமல் இருந்தது குற்றமில்லை, அதற்குத்தான் பதினைந்து நாள் விதி. பெனிட்டோ முதல் விதியை மீறினான், மறுப்பதற்கில்லை. ஆனால் மறைக்காமல், கேட்டுவிட்டு மீறினான். மூன்றாவது விதியை ஷாஹினாவும் மீறினாள், அவனும் மீறினான். இரண்டு முறையும் காதைக் கொடுத்தவள் விதியை எழுதியவளே. 'ஒத்த வரி' என்ற குறையும் 'சின்னதாத்தான் வருது' என்ற பதிலும் அவளுடைய கைபேசியில் அடுத்தடுத்துக் கிடந்தன. அவற்றை எதிரெதிரே உட்காரவைத்து வாசித்துக் காட்டியிருந்தால் கதை பிழைத்திருக்கும். முன்பின் தெரியாதவர்களுக்குத் தினமும் செய்வதை இந்த இருவருக்கு அவள் செய்யவில்லை. ஆகவே காரணம் கோமதி. அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. பாகப்பிரிவினையை முடித்துவிட்டு நிதானமாக எழுதலாம் என்று தள்ளிவைத்தாள். ஐந்து மணிக்கு "தப்பு என் மேலதான்" என்று குழுவில் போட்டாள். அதைப் படிக்க அப்போது குழுவில் அவளைத் தவிர யாரும் மிஞ்சியிருக்கவில்லை.