பாம்பின் காது போன கல்யாணம்

அந்தக் காலத்தில் பாம்புக்குக் காது இருந்தது. ஏதோ பேருக்கு இல்லை. முறம் மாதிரி இரண்டு. அதைப் பார்த்துப் பொறாமைப்பட்டு முயல் சாப்பாட்டையே விட்டுவிட்டதாம். நம்பாதவர்கள் முயலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடல் நடுவே ஒரு தீவு, தீவு நடுவே ஓர் எரிமலை. அந்த ஊரில் யாரும் அடுப்பே வைத்ததில்லை. சூடான மலைச்சரிவில் குழி தோண்டிக் கிழங்குப் பானையைப் புதைத்தால், வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் வெந்துவிடும். மலை உறுமினால் பக்கத்தில் போகமாட்டார்கள். சத்தம் அடங்கினால், மலை தூங்கிவிட்டது என்று பானையோடு ஏறுவார்கள்.

வேம்பாயி என்பவளின் மகளுக்குக் கல்யாணம். அன்று மலையில் என்றைக்கும் இல்லாத அமைதி. நல்ல சகுனம் என்று விருந்துக்கான பானைகளையெல்லாம் அவள் சரிவில் புதைத்தாள். சம்பந்தி வீட்டாரும் ஊராரும் மேலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

அங்கே நீளன் என்றொரு சாரைப்பாம்பு. மலையின் வயிற்றுச் சத்தம்தான் அவனுக்குத் தாலாட்டு. ஒரு காதை மண்ணில் வைத்தால்தான் கண் அசரும். அன்று எவ்வளவு புரண்டும் தூக்கம் வரவில்லை. நேராக வேம்பாயியிடம் வந்தான்.

"அக்கா, எல்லாரையும் கீழே கூட்டிட்டுப் போங்க. மலை பேசலை."

"தூங்குது. உனக்கென்ன?"

"தூங்கினா குறட்டை கேக்கும்க்கா. இது மூச்சைப் பிடிச்சுக்கிட்டிருக்கு."

சாப்பிடாமல் எழுந்திருக்கும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது என்றார் மாப்பிள்ளையின் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். வேம்பாயி சிரிக்கவில்லை. மூடி தடதடக்கிற பானைக்கு அவள் பயந்ததில்லை. மூடி இறுகிப்போய்ச் சத்தமில்லாமல் இருந்த பானை ஒன்று வெடித்துப் பறந்ததைத்தான் ஒருமுறை பார்த்திருக்கிறாள். மாமாவைக் கையைப் பிடித்து எழுப்பி, ஊரையே கீழே விரட்டினாள். தான் மட்டும் நகரவில்லை.

"கிழங்கில்லாம சம்பந்திக்கு வெறும் இலையையா போடறது? நான் தோண்டி எடுக்கிறேன். நீ கேட்டுக்கிட்டே இரு. உள்ளே ஏதாவது விரிசல் விட்டா சொல்லு."

நீளன் இரண்டு காதையும் மண்ணோடு அழுத்தினான். மண் கொதிக்கத் தொடங்கியது.

"அக்கா, காது சுடுது."

"கல்யாண வேலைன்னா அப்படித்தான்."

தலையைத் தூக்கியிருக்கலாம். ஆனால் அவள் இடுப்பளவு குழிக்குள் நின்றாள். தூக்கவில்லை. கடைசிப் பானை வெளியே வந்தபோது, ஆழத்தில் ஏதோ விரிசல் விடும் சத்தம் கேட்டது. ஓடச் சொன்னான். அவள் பானைகளைக் கயிற்றில் கோத்து இழுத்துக்கொண்டு, அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். கடற்கரையில் கால் வைத்ததும் மலையின் உச்சி மூடிபோலப் பறந்தது. கிழங்கில் கொஞ்சம் சாம்பல் விழுந்தது. உப்பு தூக்கல் என்று மாமா குறை சொன்னார். மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை.

அப்போதுதான் வேம்பாயி தோளைப் பார்த்தாள். நீளன் தலை கத்தரிக்காய்போல வழவழவென்று இருந்தது. காது இரண்டும் கருகி உதிர்ந்துவிட்டன. அவள் அழுதுவிட்டாள்.

நீளன் மணலில் இறங்கித் தாடையை வைத்தான். கரையில் தொடங்கியிருந்த கல்யாண மேளம் தாடை எலும்பு வழியே ஏறி வந்தது.

"அழாதீங்கக்கா. முன்னைவிட நல்லாக் கேக்குது. மேளக்காரர் இடது கைதான் கொஞ்சம் தடுமாறுது."

பந்தியில் முதல் இலை அவனுக்குத்தான். மாமாவுக்கு இரண்டாவது.

இன்று எரிமலையைக் கவனிக்கிறவர்கள் கருவியை மண்ணுக்குள் புதைத்துக் கேட்பதும், மலை பேச்சை நிறுத்தினால் கவலைப்படுவதும் நீளனிடம் கற்றதுதான். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போகட்டும். அந்தக் கல்யாணம் முதல்தான் பாம்பு காதில்லாமல், தாடையை மண்ணில் பதித்து, நிம்மதியாகப் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது.